கற்பித்தவரின் பெயர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், லிஞ்ச்பர்க் என்னும் சிற்றூரில் உள்ள ஜாக் டேனியல் விஸ்கி ஆலை, 2016-இல் தன் 150-ஆம் ஆண்டு நிறைவுக்கெனச் சிறப்பு விஸ்கி ஒன்றை வெளியிட்டது. ஆலையின் பாரம்பரியம் இத்தகைய வேளைகளில் பெரிதும் பேசப்படும். அது யாருடைய பாரம்பரியம்?

சிறுவன் ஜாக்குக்கு வடிக்கும் கலையைக் கற்பித்தவர், அடிமையாயிருந்த நியரஸ்ட் கிரீன் என்னும் கறுப்பினத்தவர். கற்ற இடமோ, டேன் கால் என்ற போதகரின் பண்ணை! (இதை எண்ணுகையில் நம் நெஞ்சும் உறுத்தவே செய்கிறது.) 1967-இல் வெளிவந்த ஜாக்கின் வரலாற்று நூலிலேயே கிரீனின் பெயர் உண்டு. ஆயினும், உலகறியச் சொல்வார் இல்லை.

சொல்லாமல் விடுவதும் களவாகுமா? ஆகும் என்றே கருதுகிறோம். பிறர் உழைப்பின் பெயரை நம் மௌனத்தால் நாமே எடுத்துக்கொள்கிறோம் அல்லவா?

2017-இல் ஆலை அவரைத் தன் முதல் தலைமை வடிப்பாளராக ஏற்றது. அவருடைய வழித்தோன்றல்கள் சிலர் அப்போதும் அங்கேயே வேலை பார்த்துவந்தனர்.