நல்லா இருக்காங்களாம்

விருத்தாசலம் ஜங்ஷனில் நள்ளிரவில் வண்டி நின்றால், இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டும் முன்பே போனைக் காதில் வைப்பார்கள். “இறங்கிட்டேம்மா.” அவ்வளவுதான். எங்கோ ஒரு வீட்டில், அதுவரை தூங்காமல் கிடந்த உயிர் ஒன்று புரண்டு படுக்கும்.

ஹாம் ரேடியோக்காரர்கள் இதே செய்தியை வானலையில் அனுப்புகிறார்கள். ஏபிஆர்எஸ் என்று பெயர். தன் அழைப்புக்குறி, அட்சரேகை, தீர்க்கரேகை, கூடவே ஒரு சிறு குறிப்பு. எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்து என்றால் ஏறக்குறைய வடக்கே 11 பாகை 30 கலை, கிழக்கே 79 பாகை 20 கலை. 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகள் மாறி மாறி ஒலிக்க, தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு கரகரப்பு. ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். கேட்டவர் பதில் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் பணியாற்றிய பாப் புரூனிங்கா உருவாக்கிய முறை இது. பெயரில் உள்ள ‘பி’ பொசிஷனைக் குறிப்பதாகப் பலரும் நினைக்க, அது பாக்கெட் என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார். 2022-இல் மறைந்தார்.

என் மனம் நிற்பதோ நடுவில் இருந்து செய்தியைக் கைமாற்றும் நிலையத்தில். டிஜிபீட்டர் என்பார்கள். குன்றிலோ உயரமான மாடியிலோ அமர்ந்து, வருகிற பாக்கெட்டை முழுதாகக் கேட்கும். ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும் விட்டுவிடும். சரியாக இருந்தால், இன்னும் எத்தனை முறை கைமாறலாம் என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, வந்த வழியில் தன் பெயரையும் பொறித்து, அதே அலைவரிசையில் திரும்ப ஒலிக்கும். சற்றுமுன் சொன்னதே மறுபடி வந்தால் வாய் திறக்காது. செய்தியில் கை வைக்காது. வதந்தி பரவும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுக்கத்தின் அருமை தெரியும். எங்கள் ஊர்ச் சூளையில் வேகும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இந்தச் சாதிதான்: கம்பியைத் தாங்கும், மின்சாரத்தைத் தொடாது.

இப்படி ஒரு நிலையம் விண்ணிலும் சுற்றியதுண்டு. 2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி45 ராக்கெட் எமிசாட் செயற்கைக்கோளை இறக்கிவிட்டபின், அதன் நான்காம் அடுக்கு வெற்றுக்கூடாக மிஞ்சியது. இஸ்ரோ அதை வீணாக்கவில்லை. ஏறத்தாழ 485 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டு, ஹாம் ரேடியோ அமைப்பான ஆம்சாட் இந்தியாவின் ஏபிஆர்எஸ் கருவிக்கும் அதில் இடம் கொடுத்தது. வேலை முடிந்த கூடு, யாருடைய செய்தியையோ வாங்கி யாருக்கோ கொடுத்தபடி பூமியைச் சுற்றியது. அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் பால்காரர் நினைவுக்கு வந்தார்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்தன, போன் செத்தது. குறிஞ்சிப்பாடியில் இருந்த அத்தை என்ன ஆனாரோ என்று அப்பா வாசற்படியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், கம்மாபுரம் பக்கமிருந்து பால்காரர் வந்தார். கேன் காலி.

“ஐயா, உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களாம். ஓடு போச்சாம், ஆளுக்கு ஒண்ணும் இல்லையாம். வடலூர் டீக்கடையில ஒருத்தர் சொல்லிவிட்டாரு.”

இருக்காங்களாம், இல்லையாம். அந்த ‘ஆம்’ஐப் பல நாள் யோசித்திருக்கிறேன். நான் பார்த்ததில்லை, கேட்டதைக் கேட்டபடி தருகிறேன் என்று ஒரே அசையில் சொல்லிவிடுகிறது தமிழ். டிஜிபீட்டர் தன் பெயரைப் பொறிப்பதும் இதற்குத்தான். நலம் விசாரிப்பது இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது என்று எண்ணியிருந்தேன். அன்று அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவே, தனக்கு அதில் ஒன்றும் இல்லாத மனிதர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வடலூர்க்காரர் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர்களால்தான் நாங்கள் ஓர் ஊராக இருந்தோம்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, பால்காரர் சட்டைப்பையிலிருந்து நனைந்த துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதில் இன்னும் நாலு பெயர் இருந்தது.