கால் ஓய்வும் கருத்தின் கடமையும்

திருவாரூர்த் தெருவில் தேரூர்ந்து சென்ற சோழ இளவரசன் அந்தக் கன்றைக் காணவில்லை. கூட்டத்தினிடையே துள்ளிப் புகுந்த அது தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குக் கனவிலும் இருந்ததில்லை. அமைச்சர்கள் இதனை எடுத்துக் கூறி, கழுவாய் செய்து கொள்ளலாம் என்றனர். மனுநீதிச் சோழன் அதனை ஏற்கவில்லை என்பது பெரியபுராணம் பயின்றார் யாவரும் அறிந்ததே. தந்தையின் நீதி மிகையா, அன்றா என்பதைப் பட்டிமண்டபங்களில் வேண்டுமளவு வழக்காடித் தீர்த்துவிட்டனர். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அன்று இளவரசன் கைகட்டி அமர்ந்திருக்க, தேரின் வேகத்தை ஒரு பொறி காத்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பு மாறியிருக்குமா?

இக்கேள்வி நமக்கு நூலிலிருந்து எழவில்லை; மும்பை–புனே விரைவுச் சாலையில் எழுந்தது. 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட அச்சாலை, கலம்போலி முதல் புனேயின் வாயில் வரை 94.5 கிலோமீட்டர் நீளமுடையது; பக்கத்துக்கு மூன்று தடங்கள். பெயர் விரைவுச் சாலையேயாயினும், விடுமுறை நாட்களில் போர்காட் மலைப்பகுதியில் அதன் விரைவைக் கண்டு நத்தைகள் நகைக்கும். ஆயினும் காம்ஷேத் சுரங்கப்பாதையைக் கடந்து சமவெளியில் இறங்கியபின், ஓட்டுபவரின் காலுக்கு வேலையில்லாதபடி சாலை சற்றே விரிந்து கொடுக்கும். அங்குதான் நம் நண்பர் தம் காரின் 'க்ரூஸ் கன்ட்ரோல்' எனும் பொறியை இயக்கி, வேகத்தை 80 கிலோமீட்டரில் நிறுத்தி, வலக்காலை மடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாம் அருகில் அமர்ந்து, நம் சங்கத்து ஆண்டு விழா நாடகத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவரும் ஆர்வமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். ஆளரவமற்றிருந்த இடப்புறத் தடத்தில் கார் சென்றுகொண்டிருந்தது.

சாலையின்மேல் ஒரு பச்சைக் கிளை கிடந்தது. இந்திய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: முன்னே வண்டி ஒன்று பழுதாகி நிற்கிறது, விலகிச் செல்க. கிளையைத் தாண்டிச் சில மார்கழிப் பனியளவு தூரத்தில் என்று சொல்லலாம், அவ்வளவு அருகில், லாரி ஒன்று தடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்சக்கரத்தருகே ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். நண்பர் கிளையையும் கண்டார், லாரியையும் கண்டார். ஆயின் அவருடைய கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நடுத்தடத்திலோ ஒரு பேருந்து. பிரேக்கைக் கால் தேடிக் கண்டு மிதித்து, கார் அலறி, பேருந்தின் ஒலிப்பான் காதைப் பிளக்க, ஒரு முழ இடைவெளியில் அந்த மனிதரைக் கடந்தோம். அவர் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் நம் கண்ணை விட்டு அகலவில்லை.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 22 மீட்டர். கால் தன் இடத்தைத் தேடிய அந்த ஒரு விநாடியில் ஒரு சிறு திருமண மண்டபத்தின் நீளத்தைக் கார் கடந்துவிட்டது. அடுத்த உணவகத்தில் வண்டியை நிறுத்திய நண்பர் நெடுநேரம் இறங்கவேயில்லை. பிறகு சொன்னார்: "என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த மனிதர் செத்திருந்தால், கொன்றது நானா?"

இப்பொறியின் வரலாற்றில் வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. இதனை வடிவமைத்த ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். கார் ஓட்டியவர் அல்லர், கார்களில் அமர்ந்து சென்றவர். அவருடைய வழக்கறிஞர் பேசும்போது காரின் வேகத்தைக் குறைப்பதும், கேட்கும்போது கூட்டுவதுமாக ஓட்டிய குலுக்கலே இச்சிந்தனைக்கு வித்திட்டது எனச் சொல்லப்படுகிறது. 1950இல் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல் கார்களில் அது முதன்முதலாக இடம் பெற்றது. ஆக, உரையாடலால் சிதறும் கவனத்திலிருந்து பயணியைக் காப்பதற்கே இப்பொறி பிறந்தது. குலுக்கல் நின்றது, சிதறல் நின்றதா? குலுக்கலாவது அருகிருப்பவருக்கு, "இவர் கவனம் பிசகுகிறது" என்று அறிவித்துக்கொண்டிருந்தது. இன்று அந்த அறிவிப்பும் இல்லை. நம் நண்பரின் காரில் நாம் சீராகத்தான் சென்றுகொண்டிருந்தோம்.

பொறியைப் பழிப்பது நம் நோக்கமன்று. நெடுந்தொலைவு ஓட்டும் முதியவர்களின் முழங்காலுக்கு அது செய்யும் உதவியை அவர்களிடமே கேட்க வேண்டும். அதனினும் மேலாக ஒன்று: சாலை வெறுமையாகக் கண்டவிடத்துத் தம்மையறியாமல் 120ஐத் தொடும் இயல்பினர், தம் மனத்தின்மீது நம்பிக்கையின்றி, 80இல் பொறியை நிறுத்திவிட்டு நிம்மதியடைகின்றனர். தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் இச்செயல் அறத்தின்பாற்பட்டதே என்போம். ஆசைக்கு அஞ்சிக் கடைவீதிக்குப் பணப்பையின்றிச் செல்பவரை நாம் இகழ்வதில்லையே.

ஆயின் நெருக்கமான சாலையில் அதே கட்டு வேறொரு குணத்தைப் பெறுகிறது. தேர்ந்தெடுத்த எண் மெல்ல மெல்ல உரிமையாகிவிடுகிறது. 80இல் செல்லும் லாரியை 82இல் செல்லும் கார் ஒன்று முந்த முனைகிறது எனக் கொள்வோம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மிகுதி. பின்னிருந்து முன்னேறிப் பாதுகாப்பாகத் தடம் மாற 60 மீட்டர் வேண்டுமெனின், ஏறத்தாழ 108 விநாடிகள் ஆகும். அதற்குள் இரண்டரைக் கிலோமீட்டர் கடந்துவிடும். அவ்வளவு தொலைவும் பின்னால் வருவோர் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். காலால் ஓட்டுபவர் சற்றே அழுத்தி முந்திவிடுவார், அல்லது லாரிக்குப் பின்னே அமைவார். பொறியை நம்பியவருக்கோ இரண்டுமே இழப்பாகத் தோன்றும். ஒரு பொத்தானை அழுத்த மனம் வருவதில்லை. பிரேக்கைத் தொட்டால் அமைத்த வேகம் கலைந்துவிடுமே என்று, நுழையக்கூடாத இடைவெளிகளில் நுழைபவர்களையும் கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு நுழைந்ததுண்டு. பிறருக்காக நொடிக்கு நொடி நம் வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் சாலையில் நாம் ஒருவருக்கொருவர் செலுத்தும் மரியாதை. அம்மரியாதைக்கு விலை கூடிவிடுகிறது.

இக்குறையைத் தீர்க்கவே முன்செல்லும் வண்டியை ரேடாரால் அளந்து, தானே வேகம் குறைத்துக் கூட்டும் புதுவகைப் பொறிகள் வந்துள்ளன. நம் நாட்டிலும் 2020க்குப் பின் பல கார்களில் இவை இடம்பெற்றுவிட்டன. இவை முன்வண்டிக்குப் பின்னே இடைவெளி விட்டுச் செல்லும். நம் சாலைகளில் இடைவெளி என்பது அழைப்பிதழ்; உடனே ஒருவர் புகுவார். பொறி சினம் கொள்ளாமல் மீண்டும் பின்வாங்கும், மற்றொருவர் புகுவார், மீண்டும் பின்வாங்கும். இருபது பேர் புகுந்தாலும், ஒருவருக்கு இரண்டு விநாடி வீதம் நாம் இழப்பது 40 விநாடிகளே. இந்த 40 விநாடிகளுக்காகவா இத்தனை ஆண்டுகள் ஸ்டியரிங்கின் பின்னிருந்து ஊரார் பரம்பரையையெல்லாம் வைது தீர்த்தோம் என்று நாணம் உண்டாகிறது.

எனினும் பொறியின் விட்டுக்கொடுத்தலைப் பொறுமை எனலாமா? சினம் எழக்கூடிய நெஞ்சில் அச்சினம் அடங்குவதே பொறுமை. எழவே இயலாத இடத்தில் அடங்குவதற்கு என்ன இருக்கிறது? பொறி இடம் விட்டது, நாம் விடவில்லை. மேலும் அதன் அறிவுக்கு ஓர் எல்லையுண்டு. நின்றுகொண்டிருக்கும் வண்டியை அது கண்டுகொள்ளாமற் போகலாம் என்று கார்களுடன் தரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. சாலையில் கிடக்கும் பச்சைக் கிளை அதற்கு வெறும் கிளை. அதனை ஒருவர் கையால் ஒடித்து, பின்வரும் முகமறியா மனிதர்களை நம்பி அங்கே இட்டார் என்பதை அறிய, மனிதருக்கு மனிதர் என்னும் உறவு வேண்டும்.

அக்கையேடுகள் தவறாமல் சொல்லும் மற்றொன்று: முழுப் பொறுப்பும் எப்போதும் ஓட்டுபவருடையதே. கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. ஆயின் பொறுப்பை விழித்திருக்கச் செய்த வேலையை வாங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் திருப்பித் தருவது நேர்மையா? ரேடார்த் திரையைக் கண்காணித்த வீரர்களின் இடர்ப்பாட்டை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த், செயலின்றி வெறுமனே காத்துப் பார்ப்பவர்களின் கூர்மை அரைமணி நேரத்திற்குள்ளாகவே மழுங்குவதை 1948இல் எடுத்துக்காட்டினார். தானியங்கிப் பொறிகளின் முரண்கள் குறித்து 1983இல் எழுதிய லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் அம்மையாரும், மனிதனிடம் கடினமான கணத்தை மட்டும் விட்டுவைத்து, அதற்கான பயிற்சியை அவனிடமிருந்து பறித்துக்கொள்கிறோம் என்ற கருத்தைத் தெளிவுறுத்தினார்.

அவ்வாறாயின் நண்பர் குற்றமற்றவரா? அவ்வளவு எளிதில் விடுவிக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. குடித்துத் தவறிழைத்தவனுக்குத் தண்டனை இருமடங்கு என்னும் சட்டத்தை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். அறியாமையில் செய்தான், ஆயின் அவ்வறியாமையைத் தானே வரவழைத்துக்கொண்டான் என்பது காரணம். நண்பரைக் குடிகாரரோடு ஒப்பிடுவது கொடுமை. அவர் நாடியது போதையன்று, முழங்காலுக்குச் சிறிது ஓய்வு. இங்கேதான் வள்ளுவர் நமக்கு நெருங்கிய துணையாகிறார். பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அளவிறந்த சினத்தினும் தீயதாக அவர் வைப்பது, மகிழ்ச்சியில் வரும் சோர்வை. வெறுப்பினாலோ தீய நோக்கினாலோ அன்று, எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற இனிமையினால் வரும் மறதி. அன்று காரினுள் இருந்தது அதுவே: நல்ல சாலை, நல்ல பேச்சு, சீரான வேகம். அம்மறதியில் நமக்கும் பங்குண்டு என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். நாடகத்தில் யார் கதாநாயகன் என்னும் பெரும்பிரச்சினையை நாம் அந்தக் கணத்தில்தான் எழுப்ப வேண்டுமா?

நண்பருக்கு நாம் அன்று அளித்த விடை இது: "காலை எடுத்தது குற்றமில்லை, எங்கே வைத்தீர்கள் என்பதை மறந்ததில்தான் குற்றம். அம்மனிதர் இறந்திருந்தால், கொன்றது பொறி என்று நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கிளையை வெட்டிப் போட்டது அந்த ஆள்தான் இல்லையா? அவர் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்" என்றார்.

இப்போதும் அவர் அப்பொறியைப் பயன்படுத்துகிறார். விடியற்காலையில், சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போது மட்டும். அப்போதும் வலக்கால் பிரேக்கின் அருகிலேயே தரையில் ஊன்றியிருக்கும்; மடிப்பதில்லை. லாரிகள் தென்படத் தொடங்கியதும் பொத்தானை அழுத்திப் பொறியை அகற்றிவிடுகிறார். நாம் ஏதேனும் பேசிக்கொண்டிருந்தால், "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் வருகிறேன்" என்பார். கலாபூர்ச் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபின் சொல்லலாம் என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.