இறுகாத சங்கிலி

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. இது நாடே அறிந்த செய்தி. அதற்குள் கிடக்கும் ஒரு சின்னத் தகவல்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கட்டு இறுக்கமாக இல்லாத சிலர் உருவிக்கொண்டு தப்பினார்கள். அந்தக் கட்டு ஏன் தளர்வாக இருந்தது? கணுக்கால் புண்ணாகிவிடுமே என்று இரக்கப்பட்டு ஒருவர் விட்ட இடைவெளியாக இருக்கலாம். வேலையில் அக்கறையில்லாத ஒருவர் ஏனோதானோவென்று பூட்டியதாகவும் இருக்கலாம். தீ நெருங்கிய நேரத்தில், கட்டுண்டு கிடந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒழுங்காக வேலை செய்தவர் பூட்டிய சங்கிலியில் இருந்தவர் செத்துப்போனார் என்பதும் இதே தகவலின் இன்னொரு முகம். மனநலப் பணிக்கு வருகிறவரின் நோக்கத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அங்கேதான் போய் நிற்கிறேன்.

நோக்கம் தூய்மையாக இருந்தால் செயலும் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். ‘சேவை மனப்பான்மை’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்பது நாகரிகமில்லை என்றே நினைக்கிறோம். ஏர்வாடியின் வரலாறு இந்த நம்பிக்கையைக் குலைக்கிறது. அங்கே காப்பகம் தொடங்கியவர்களில் பெரும்பாலோர், தங்கள் உறவினருக்குக் குணம் தேடி அங்குள்ள தர்காவுக்கு வந்தவர்கள். தர்கா விளக்கின் எண்ணெயையும் ஓதிய தண்ணீரையும் நம்பி, ‘போகலாம்’ என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், காத்திருந்தவர்கள். ராத்திரி தூங்காத அண்ணனை, சாப்பிட மறுக்கும் மகளை வைத்துக்கொண்டு தவிப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டவர்கள். அந்தப் பாடுதான் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவைக் கொடுத்திருக்கும். சங்கிலியை ஒரு நடைமுறையாக ஏற்றுக்கொள்ளவும் அதுவேதான் பழக்கியிருக்கும். சொந்தத் தம்பியையே கட்டிப்போட்டுக் காப்பாற்றியவருக்கு, அடுத்தவர் தம்பியைக் கட்டுவது கொடுமையாகத் தெரியாது.

அவர்களை இயக்கியது அன்பில்லை, காசு என்று ஒரு மறுப்பு வரும். வீட்டார் மாதாமாதம் பணம் கட்டினார்கள், கொட்டகைகள் பெருகின, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இருந்த நோக்கம் அப்படியே தங்கிவிடும் என்று யார் சொன்னது? முதல் நோயாளியிடம் இருந்த பதைப்பு நாற்பதாவது நோயாளியிடம் இருக்காது. பதைப்பு வற்றிய பிறகும் சங்கிலி இருக்கும், சாவி இருக்கும், ‘நாங்கள் பாடுபட்டு வந்தவர்கள்’ என்ற பேரும் இருக்கும். ஆகவே காசு என்ற விளக்கம் என் வாதத்தை உடைக்கவில்லை. நோக்கத்தை மட்டும் நம்பி ஒரு மனிதரை இன்னொருவர் கையில் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு வீட்டார் பக்கத்திலிருந்து வரும். கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்றிருக்கும் வீட்டில், பேருந்து நிலையம் வரை ஓடிவிடும் மகனை யார் காவல் காப்பது? 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ அவ்வளவு தூரம் எத்தனை பேர் போக முடியும்? ஏர்வாடி பக்கம், மதுரைப் பாண்டி கோயில் அதைவிடப் பக்கம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த வீட்டாரைக் குற்றம் சாட்டுவது தகாது. தீ விபத்துக்குப் பின் 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து எழுதியது. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு இறங்கியிருந்தது. மிரட்டலில்லாத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை. ஆனாலும் வழிபாட்டுத் தலத்தைத் தேடிப் போனதையே குற்றமாக்கிவிட முடியாது என்பதற்கு அது போதும். ஏர்வாடிக்கும் முத்துசாமி கோயிலுக்கும் போனவர்களை அழைத்துப்போனது ஒரே நம்பிக்கைதான். போன இடத்தில் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு.

அடோல்ஃப் குக்கன்பூல்-கிரேக் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1971இல் எழுதிய புத்தகம் ஒன்று, அரைகுறை நினைவாக, இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. உதவ விரும்புகிறவரின் உள்ளே ஆள விரும்புகிறவரும் இருக்கிறார் என்பது அதன் சாரம். சமூகப் பணியாளரைப் பற்றிப் பேசும்போது அவர் மதவிசாரணை மன்றத்தையே நினைவுபடுத்துவார். தான் செய்வது நன்மை என்பதில் ஐயமே இல்லாதவருக்கு, எதிரில் இருப்பவரின் ‘வேண்டாம்’ காதில் விழுவதில்லை. கொஞ்சம் மிகைதான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படிக்கும்போது அந்தச் சந்தேகம் அதற்குள்ளும் ஓடுவதாகத் தோன்றுகிறது. பிரிவு 95 சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. பிரிவு 97, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. பொறுப்பு மனநல மருத்துவர் ஒப்புதல் தர வேண்டும், காரணத்தை எழுதிவைக்க வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமாகாது. கட்டியவர் அன்பானவரா என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. கட்டுண்டவருக்காகக் கேள்வி கேட்க வெளியே ஓர் ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறது. இதுவே சரி என்று நினைக்கிறேன். நோக்கம் பணியாளருடைய சொந்த விஷயம், கணக்கு ஒப்பிப்பது நோயாளிக்கு அவர் பட்ட கடன்.

அப்படியானால் நோக்கத்துக்கு மதிப்பே இல்லையா? பதிவேடு சரியாக இருந்து, குளிக்க வைக்கும் கை மட்டும் முரட்டுத்தனமாக இருக்கும் காப்பகங்களும் இருக்க முடியும். எந்தப் பிரிவும் அந்தக் கையைப் பதமாக்காது. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணியைச் செய்துவருகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு, சம்பளம் குறைவு, களைப்பு மிகுதி, நன்றி அரிது என்று தெரிந்தும் இளைஞர்கள் வருகிறார்கள் என்றால், பலரை அங்கே தள்ளுவது வீட்டில் பட்ட ஏதோவொரு வலியாகத்தான் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் ஒரு பெண் ‘எங்க அண்ணனுக்கும் இது இருந்துச்சு சார்’ என்று சொன்னால், அதை அவளுடைய தகுதியாக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா? அவளைச் சேர்த்துக்கொண்டு, அவளுக்குமேல் கேள்வி கேட்கும் ஒருவரையும் வைக்க வேண்டும் என்று என் வாதம் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் கணக்குக் கேட்கப்படும் இடத்தில் அந்த வலி எத்தனை நாள் அக்கறையாகவே நிலைக்கும், எப்போது வெறும் பயமாக மாறும் என்று எனக்கு விளங்கவில்லை. ஏர்வாடியை நினைத்தால் கேள்விகள் கூடட்டும் என்று தோன்றுகிறது. இன்று இரவு எங்கோ ஒரு வார்டில் தனியாக விழித்திருக்கும் பணியாளரை நினைத்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.