காலி இருக்கையும் காத்திருக்கும் அயலாரும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது பருத்திப்பட்டு. காலை வேளையில் அச்சாலையோரம் சற்று நின்று பார்ப்போர், ஐவர் அமரத்தக்க கார்கள் பல ஒருவரை மட்டும் சுமந்து ஊர்ந்து செல்வதைக் காண்பர். அவற்றின் நடுவே, படிக்கட்டு வரை ஆட்களை ஏற்றிக்கொண்ட பேருந்து ஒன்று வழி கிடைக்காமல் நிற்கும்.

உழைத்துச் சேர்த்த பணத்தில், மாதத் தவணை கட்டி வாங்கிய காரை ஓட்டுவது குற்றமா? குற்றமன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் யாரும் இதை அறிக்கையிடப் போவதில்லை, அறிக்கையிடவும் வேண்டாம். ஆயினும் குற்றமில்லாத செயலாலும் அயலார்க்கு இழப்பு நேரக்கூடும். அந்த இழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஓடும் ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். அரைமணியில் முடியவேண்டிய நடை, நெரிசலால் ஒரு மணியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தப் பேருந்து நாள் முழுவதும் ஓடும் நடைகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வண்டி பழுதாகவில்லை, ஓட்டுநர் விடுப்பில் செல்லவில்லை, எனினும் நிறுத்தத்தில் நிற்கும் பெண் இருமடங்கு நேரம் காத்திருக்கிறார். காத்திருப்போர் பெருகப் பெருகப் பேருந்தில் நெரிசல் கூடுகிறது. அதைப் பொறுக்க மாட்டாதவர், வசதியிருந்தால், தாமும் ஒரு வண்டி வாங்குகிறார். பேருந்து சரியில்லாததால் கார் வாங்கினோம் என்கிறோம். பேருந்து சரியில்லாமற்போனதில் நம் காருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்வதில்லை.

இன்னோர் இழப்பும் உண்டு. படித்தவர்களும் அதிகாரிகளை அணுகத் தெரிந்தவர்களும் பேருந்தை விட்டு இறங்கிவிட்டால், அதன் குறைகளை எடுத்துச் சொல்ல ஆளில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். நல்ல திட்டந்தான். ஆனால் இலவசச் சீட்டு, வராத பேருந்தை வரவழைத்துவிடாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் இதைத் தொட்டுப் பேசுகிறார். ஓரிருவர் மட்டும் செல்லும் கார்களால் நகரங்கள் படும் துன்பத்தைச் சுட்டும் அவர், பொதுப் போக்குவரத்தின் நெரிசலும் வசதியின்மையும் மனித மாண்பைக் குலைப்பதையும் அதே பத்தியில் கூறுகிறார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொன்னது பொருத்தமே.

நடக்க இயலாத தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரிடம் பேருந்தின் பெருமையைப் பேசுவது அறமாகாது. நள்ளிரவில் பணி முடித்துத் திரும்பும் பெண்ணிடமும் அவ்வாறே. நான் கேட்பது மற்றவர்களை. பெரம்பூருக்கோ சென்டிரலுக்கோ அன்றாடம் தனியாகக் காரில் செல்லும் அன்பரே, 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் சேவை தொடங்கிய தடம் நம் ஆவடி வழியாகத்தானே செல்கிறது? இன்று அத்தடத்தில் மின்தொடர் வண்டிகள் ஓடுகின்றன. ஆவடி நிலையம் வரை பேருந்திலோ பகிர்வு ஆட்டோவிலோ சென்று, அங்கிருந்து இரயில் ஏறலாம். நாள்தோறும் இயலாவிட்டால் வாரத்தில் இரண்டு நாட்களாவது தொடங்கலாம். நிறுத்தத்தில் நிழற்குடை இல்லையென்றால் ஆவடி மாநகராட்சிக்கும், மாலையில் கூடுதல் நடை வேண்டுமென்றால் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கும் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவர், அந்த இரண்டு நாட்களும் வெயிலில் மற்றவர்களோடு நின்றிருப்பார்.