சூரனுக்கு ஒரு கவசம்



நண்பர்களே, கந்த சஷ்டி நெருங்குது. காப்பு எப்போ கட்டணும், ஆறு நாளும் எப்படி விரதம் இருக்கணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதைத் தனிப் பதிவா போடறேன். இன்னைக்கு, போன வருஷ சஷ்டியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

எங்க அக்கா இருக்கிற அப்பார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் சஷ்டி அன்னைக்கு சாயங்காலம் பிள்ளைகளை வச்சு சூரசம்ஹாரம் நடத்துவாங்க. கார் நிறுத்துற இடத்துல ஒரு சின்ன மேடை, ரெண்டு டியூப் லைட், ஒரு மைக். அவ்வளவுதான். அக்கா பையனுக்கு எட்டு வயசு. அவனுக்கு முருகன் வேஷம்தான் வேணும். ஆனா எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே ஆசை இருக்குமே! சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. முருகன் வேஷம் கீழ் வீட்டு ஆறு வயசுப் பாப்பாவுக்குப் போச்சு. இவனுக்கு வந்தது சூரபத்மன்.

ரெண்டு நாள் பையன் யார்கிட்டயும் சரியா பேசலை. மூணாவது நாள் எனக்கு போன் பண்ணினான்.

"மாமா, நான் ஏன் தோக்கணும்?"

எனக்கு டக்குனு பதில் வரலை. "டேய், தோத்தா என்ன? மேடையிலேயே உன் வேஷம்தான் பெருசா இருக்கும். மாமா செஞ்சு தர்றேன் பாரு"ன்னு சொல்லிட்டேன். அது தப்பான பதில்னு அப்போ எனக்குத் தெரியலை.

அடுத்த மூணு வாரம் ஆபீஸ் முடிஞ்சதும் இதே வேலைதான். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிப்போமே ஒரு மெத்து மெத்து மேட், அதே ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்டா கிடைக்கும். நெஞ்சுக்கு 10 மி.மீ., கை காலுக்கு 6 மி.மீ., மேலே பூ வேலைக்கு 2 மி.மீ. வாங்கினேன். பையனுக்கு ஒரு பழைய டி-ஷர்ட்டைப் போட்டு, அது மேல பேக்கிங் டேப்பைச் சுத்தி, மார்க்கரால கோடு போட்டு, முதுகுப் பக்கமா வெட்டி எடுத்தா உடம்போட அச்சு கிடைச்சிடும். அதை ஃபோம் மேல வச்சு வெட்டணும். மஞ்சள் ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் தடவி, விரல்ல ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தினா ஒட்டிக்கும். அப்புறம் பிரிக்கவே முடியாது. ஹீட் கன்னால சூடு காட்டினா ஃபோம் வளையும், ஆறினதும் அந்த வளைவிலேயே நிக்கும். மேலே தண்ணி கலந்த ஃபெவிகால் நாலு பூச்சு, அது மேல கறுப்பு, அது மேல தங்கக் கலர். தூரத்துல நின்னு பார்த்தா சத்தியமா இரும்பு மாதிரியே இருக்கும்.

இடையில் ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா தையல்காரர். ஊர்ல இப்பவும் மெஷின் மிதிக்கிறார். அளவு எடுக்கிறதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா ஒரே ராத்திரியில் அளவு வேலை முடிஞ்சிருக்கும். நான் கேட்கலை. ஒரு பண விஷயத்துல வார்த்தை முத்திப் போய், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, விடுங்க"ன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். அதோட எட்டு மாசமா நாங்க பேசிக்கலை.

கவசம் முடிஞ்சது. தோள்பட்டை மட்டும் ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சு, பக்கவாட்டா திருப்பித்தான் உள்ளே கொண்டு போனோம். பையன் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னான். ஆனா அவனால உட்கார முடியலை. மூக்கு அரிச்சா சொறிய முடியலை. "சூப்பரா இருக்கு மாமா"ன்னு மட்டும் சொன்னான்.

இப்போ புராணத்துக்கு வருவோம்.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணத்தில் சூரபத்மன் சாதாரண ஆள் இல்லை. கடும் தவம் செய்து சிவபெருமானிடமே வரம் வாங்கியவன். 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம். சிவனுடைய சக்தியைத் தவிர வேறு எதனாலும் அழியாத வரம். அவனைப் போல ஒரு கவசம் யாருக்கும் கிடைத்ததில்லை. ஆனால் அவன் என்ன செய்தான்? பாதுகாப்புக்காகக் கிடைத்ததைப் பெருமைக்காக மாட்டிக்கொண்டான். தேவர்களைச் சிறையில் போட்டான்.

முருகன் நேராகப் போய் வேலை எறியவில்லை, கவனிச்சீங்களா? முதலில் வீரபாகுத் தேவரைத் தூது அனுப்புகிறான். தேவர்களை விட்டுவிடு, போர் வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறான். சூரன் கேட்கவில்லை. சின்னப் பையன் என்ன செய்துவிடுவான் என்று நினைக்கிறான். பிறகு போர்க்களத்தில் முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். அந்த ஒரு நிமிடம் சூரனுக்குக் கோபம் போய்விடுகிறது, ஞானம் வருகிறது. இவனையா பாலன் என்று நினைத்தேன் என்று உருகுகிறான். கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் முருகன் அந்த உருவை மறைத்ததும் பழைய ஆணவம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பயமா இருக்கும். ஏன்னா இதுதான் நம்ம கதை. கோயிலுக்குள்ள நிக்கிறப்போ கண்ணு கலங்கும். வெளியில வந்து செருப்பு மாட்டறதுக்குள்ள பழைய ஆளா ஆயிடுவோம்.

கடைசியில் சூரன் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். வேல் அந்த மரத்தை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். ரெண்டும் கோபத்தோட முருகன் மேலயே பாயுது. அவன் ஒரு பார்வை பார்க்கிறான். அடங்கிப் போகுது. மயில் வாகனமாகிறது, சேவல் கொடியாகிறது. பெரியவர்கள் இதை மறக்கருணை என்பார்கள். தட்டிக்கொடுத்துத் திருத்துவது அறக்கருணை. அடித்துத் திருத்தித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது மறக்கருணை.

மேடையில் இதைக் காட்டத்தான் கவசத்தோட நெஞ்சுப் பகுதியை ரெண்டு பாதியா செஞ்சிருந்தேன். நடுவுல ரெண்டே ரெண்டு வெல்க்ரோ துண்டு. பாப்பா அட்டை வேலால தொட்டதும், பையன் கையை விரிச்சா கதவு மாதிரி ரெண்டு பக்கமும் திறக்கும். உள்பக்கம் இடது பாதியில் மயில் தோகை, வலது பாதியில் சேவல் வரைஞ்சு வச்சிருந்தேன். ஒத்திகையில் அழகா திறந்துச்சு.

சஷ்டிக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவன் வாள் சுத்தும்போது பாதியிலேயே திறந்துட்டா என்ன பண்றதுன்னு எழுந்து, நெஞ்சுல மேலிருந்து கீழ் வரைக்கும் வெல்க்ரோ ஒட்டினேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். உண்மை என்னன்னா, மூணு வாரம் உழைச்சு செஞ்சது பிளக்கிறதைப் பார்க்க எனக்கு மனசு வரலை.

அடுத்த நாள் சாயங்காலம். பையன் மேடை ஏறினதும் எல்லாரும் போனைத் தூக்கிட்டாங்க. யானைமுகனும் சிங்கமுகனும் தோத்துப் போய், சூரன் முறை வந்துச்சு. பாப்பா வேலை நீட்டி அவன் நெஞ்சுல தொட்டா. பையன் கையை விரிச்சான். திறக்கலை. இன்னொரு தடவை தொட்டா. திறக்கலை. கீழே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அவன் முகம் சிவந்து, நெத்தியில வேர்வை வழியுது. பாப்பா சின்னக் குரல்ல சொன்னது மைக்ல எல்லாருக்கும் கேட்டுச்சு: "அண்ணா, திறங்கண்ணா."

அவன் வாளைக் கீழே போட்டான். நெஞ்சு நடுவுல விரலை விட்டு, ரெண்டு கையாலயும் தன் கவசத்தைத் தானே பிடிச்சு இழுத்தான். வெல்க்ரோ டர்ருனு பிரிஞ்சுது. ஒரு பக்கம் மயில், ஒரு பக்கம் சேவல். கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியாச்சு. அப்புறம் யாரோ ஒரு பாட்டி "அரோகரா"ன்னாங்க. எல்லாரும் எழுந்து நின்னு சொன்னாங்க. பையன் கவசத்தைக் கழட்டி வச்சுட்டு, பாப்பா காலடியில் மயில் மாதிரி போய் உட்கார்ந்தான். தீபாராதனை முடியற வரைக்கும் எழுந்திருக்கலை.

கீழே வந்ததும் "ஸாரிடா, மாமா தப்பு பண்ணிட்டேன்"னு சொன்னேன். அவன் அதைக் காதுல வாங்கலை. "உள்ளே மூச்சே விட முடியலை மாமா. திறந்ததும்தான் காத்து வந்துச்சு"ன்னான். தண்ணி குடிச்சுட்டு, "கடைசி வரைக்கும் முருகன் பக்கத்துல யார் இருந்தா? நான்தானே?"ன்னு கேட்டான். மூணு வாரத்துக்கு முன்னாடி அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதில் கண்டுபிடிச்சுட்டான். என் பதில் பெரிய தோள்பட்டை. அவன் பதில் முருகன் காலடி.

நண்பர்களே, நாம் தினமும் படிக்கிற கந்த சஷ்டி கவசத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தேவராய சுவாமிகள் தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லி, எதைக் காக்கச் சொல்கிறார்? வேலை. பாம்பன் சுவாமிகள் 1891-இல் 30 பாடல்களாக அருளிய சண்முக கவசமும் முருகனைக் கூப்பிட்டுத்தான் உடம்பைக் காக்கச் சொல்கிறது. சூரனின் கவசம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று செய்தது. நம் கவசம் முருகனை உள்ளே வரச் சொல்வது. சூரனைப் பிளந்ததும் அதே வேல், நம் கண்ணையும் கழுத்தையும் மார்பையும் காப்பதும் அதே வேல். "மார்பைக் காக்க வா"ன்னு வேலைக் கூப்பிட்டுட்டு, மார்புல மேலிருந்து கீழ் வரைக்கும் வெல்க்ரோ ஒட்டி வச்சா எப்படி?

நம்ம வயசுக்காரங்க எல்லார்கிட்டயும் இந்த ஃபோம் கவசம் இருக்கு. ஆபீஸ்ல "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல வாய் வராது. தப்பு நம்ம மேலன்னு தெரிஞ்சும் ஸாரி சொல்ல மாட்டோம். பார்க்க இரும்பு மாதிரி இருக்கும். தொட்டுப் பார்த்தா வெறும் ஃபோம். உள்ளே ஒரு சின்னப் பையன் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நிப்பான்.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். அவர் எடுத்ததும் எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. சின்ன வயசுல அவர் தோள்ல உட்கார்ந்து திருச்செந்தூர் கடற்கரையில சூரசம்ஹாரம் பார்த்திருக்கேன். யானைத் தலை, சிங்கத் தலைன்னு சூரனுக்குத் தலை மாத்தி மாத்தி வரும். கூட்டத்துல எனக்குத் தெரியணும்னு அவர் என்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தார். அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அப்பா, அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புப்பா"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேரன் வேஷத்தை அக்கா வீடியோ அனுப்பினா, பார்த்தேன். நல்லா செஞ்சிருக்கே. ஆனா அளவு இறுக்கிப் பிடிச்சிட்டே. நெஞ்சுல ரெண்டு இஞ்ச் லூஸ் விட்டிருக்கணும்டா, பிள்ளை மூச்சு விட வேண்டாமா?"ன்னார். அப்புறம் அரை மணி நேரம் தையலைப் பத்தியேதான் பேசினோம்.

இந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கு. கவசம் படிங்க. முடிஞ்சவங்க விரதம் இருங்க. கூடவே ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நீங்க பேசாம விட்ட ஒருத்தர், ஸாரி சொல்லாம விட்ட ஒருத்தர் இருப்பாங்க. ஆறாம் நாள் சம்ஹாரத்துக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. முதல் வார்த்தை மட்டும் நீங்க பேசுங்க. மீதியை வேல் பார்த்துக்கும். ஏழாம் நாள் திருக்கல்யாணத்தை லேசான மனசோட பார்க்கலாம்.

அந்தக் கவசம் இப்பவும் அக்கா வீட்டு பரண்ல இருக்கு. இந்த வருஷம் யாருக்கு எந்த வேஷம்னு இன்னும் சீட்டு எடுக்கலை. பையன் இப்பவே அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கான்: "சூரன் வேஷம் யாருக்கும் வேணாம்னா எனக்கே குடுத்துடச் சொல்லும்மா."

முருகா சரணம். வேலும் மயிலும் சேவலும் துணை.