ஒரு கழித்தல்

ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் மேட்டை எப்படி அறிகிறது? விதிப்படி நகர்த்த எதுவுமில்லை, ராஜா செக்கில் இருக்கிறது: மேட். செக் இல்லையென்றால் டிரா, பூஜ்யம். மேட்டின் மதிப்பு 32000. ஆனால் அது இரு தரப்பும் சேர்த்து எத்தனை நகர்த்தல் தள்ளியிருக்கிறதோ, அத்தனை கழிக்கப்படுகிறது. கழிக்காவிட்டால் உடனடி மேட்டும் பிந்திய மேட்டும் ஒன்றுதான்; வெற்றியைக் கண்டபடியே இயந்திரம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம்.

நாளைய ரூபாயைக் கழித்தே மதிப்பிடும் வங்கி குமாஸ்தாவுக்கு இது புதிதல்ல. ஆனால் நன்மையை அறிந்தவன் அதைச் செய்வான் என்று நம்பினார் சாக்ரடீஸ். அறிவு போதாது, தாமதத்துக்கு ஒரு விலை வேண்டும் என்கிறது இந்தக் கழித்தல். நமக்கு அந்த விலையை மரணம் வைத்திருக்கிறது. இருந்தும் தள்ளிப்போடுகிறோம். மரணத்தை நாம் அறிந்திருக்கிறோம்; கணக்கில் சேர்த்திருக்கிறோமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.