நோன்பா, பட்டினியா?

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளம். சிமெண்ட் ஆலங்குளம்!

அங்கே ஒரு டீக்கடை. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "பேசாம இன்னொரு லாக்டவுன் வரணும் சார். அப்பத்தான் பூமி பொழைக்கும். 2020-ல மேக்க மலை எப்படிப் பளிச்சுனு தெரிஞ்சுது!"

நானும் தலையாட்டிவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் உறுத்தியது. யாரோ படும் கஷ்டத்தை பூமிக்கு மருந்தாக எழுதிக் கொடுப்பது நியாயமா?

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவாகப் பார்ப்பது பழக்கதோஷம். 2020-ல் உலகம் வெளியேற்றிய கரியமில வாயு சுமார் 5 சதவிகிதம் குறைந்தது. வரவுதான். ஆனால், அந்த வருஷமும் காற்றில் சேர்ந்திருக்கும் கரியமில வாயுவின் அளவு ஏறத்தான் செய்தது. குழாயைக் கொஞ்சம் திருகினோம். தொட்டி நிரம்புவது நிற்கவில்லை. 2021-ல் குழாயும் கிட்டத்தட்ட பழையபடி! செலவுப் பக்கம்? வேலை போய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் போன தொழிலாளர்கள்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. ஆலைகள் முடங்கின, புகை குறைந்தது, கைவிட்ட வயல்களில் மரம் முளைத்தது. பூமிக்கு லாபம் என்பீர்கள். 1990-ல் சுமார் 64 ஆக இருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள், 1994-ல் சுமார் 58! லாபத்துக்கு முதலீடு யாருடையது, பார்த்தீர்களா?

கலாட்டா ஓய்ந்ததும் மனுஷன் முதலில் கேட்பது வீடு. வீட்டுக்கு சிமெண்ட். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல். சுத்தமான கல் ஒரு டன்னைச் சுட்டால், கல்லுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 440 கிலோ கரியமில வாயு வெளியே வரும். எரிபொருள் புகை தனிக்கணக்கு. ஆக, குண்டு விழுந்த ஒவ்வொரு ஊருக்கும் பூமி இரண்டு தடவை பில் கட்டுகிறது.

'அப்படியானால் மேலேயிருந்து ஒரு உத்தரவு போட்டுவிடலாமே?' இலங்கை போட்டுப் பார்த்தது. 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே வீச்சில் தடை. நெல் விளைச்சல் சரிந்தது. அதே வருஷ நவம்பரில் தடை வாபஸ். 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே கிளம்பினார். அதற்கு டாலர் பஞ்சம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால், 'இயற்கை விவசாயம்' என்ற நல்ல வார்த்தைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது அந்த அவசரம்தான்.

வழியே இல்லையா? இருக்கிறது. ஓசோன் படலம் ஓட்டையாவது தெரிந்து, 1987-ல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடிப் பேசின. கெடுக்கும் வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தின. ஓசோன் மெல்லத் தேறி வருகிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

நோன்பிலும் வயிறு காலி, பட்டினியிலும் வயிறு காலி. ஆனால், பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டால் அளவு பார்ப்பானா? பார்க்கச் சொல்லத்தான் நமக்கு வாய் வருமா?

அடுத்த தடவை ஆலங்குளம் போனால் பெரியவரிடம் கேட்க வேண்டும்: "ஐயா, மலை பளிச்சுனு தெரியணும். சரி. அதுக்கு நாம எதை விடலாம், சொல்லுங்க?"

உங்களிடமும் அதே கேள்விதான்.